கண்டதும் மெய்ப்பித்ததும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சங்கம் கடந்துவந்த பாதையை எடுத்துரைக்க இவ்வவையில் தகுதியுடைய பெரியோர் பலர் உள்ளனர். எனக்கு இட்ட பணி, அறிவியற் செய்தி ஒன்றை இளைஞர்களுக்கு விளக்குவது. ஆதலின் நம் ஊரிலிருந்து கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் நிகழும் ஒன்றைப் பேசுவதற்கு எடுத்துக்கொண்டேன். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களில் வெடித்துச் சிதறும் விண்மீன்களை மனிதர் எவ்வாறு கண்டுபிடிக்கின்றனர்? கண்டது உண்மைதான் என்பதை எவ்வாறு உறுதி செய்கின்றனர்? இவ்விரு வினாக்களே இன்றைய பொருள். இவற்றுள் இரண்டாவதே முதன்மையானது என்பது என் கருத்து. உரையின் முடிவில் நீங்களும் அக்கருத்துக்கு வருவீர்கள் என நம்புகிறேன்.

முதலில் சில அளவுகளை மனத்தில் இருத்திக்கொள்வோம். ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சூரியனிடமிருந்து புறப்படும் ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடங்களுக்குச் சற்று மிகுதியாகிறது. ஓராண்டில் ஒளி செல்லும் தொலைவாகிய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டரை ஓர் ஒளியாண்டு என்கிறோம். நம் சூரியன், பால்வழி மண்டலம் என்னும் பெருங் கூட்டத்தில் உள்ள ஒரு விண்மீன். அக்கூட்டத்தில் 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அத்தகைய மண்டலங்கள் விண்வெளியில் எண்ணிலடங்காமல் பரந்து கிடக்கின்றன.

அவற்றுள் ஏதோ ஒன்றில், ஏதோ ஓர் இரவில், ஒரு விண்மீன் வெடிக்கிறது. அவ்வெடிப்பின் ஒளி சில நூறு கோடிச் சூரியன்கள் ஒன்றுகூடி எரிவதற்கு ஒப்பாகும். சில கிழமைகள் ஒளிர்ந்து, பின்னர் மெல்ல மெல்ல மங்கி மறைகிறது. இதனை ஆங்கிலத்தில் 'சூப்பர்நோவா' என்பர். தமிழில் மீயொளிர் விண்மீன் எனலாம். செய்தித்தாள்களில் பழகிய சொல் சூப்பர்நோவா என்பதால் நானும் அதையே ஆள்கிறேன்.

விண்மீன் வெடிப்பதற்கு இருவகைக் காரணங்கள் உள்ளன. சூரியனைப்போல் எட்டு மடங்கும் அதற்கு மேலும் பொருண்மை கொண்ட விண்மீன், தன் உள்ளகத்து எரிபொருள் தீர்ந்தவுடன் தன் எடையைத் தானே தாங்க இயலாமல் உள்நோக்கிச் சரிகிறது. வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. இது முதல் வகை. எரிந்து முடிந்த சிறு விண்மீனின் எச்சமாகிய வெண்குறளி, துணை விண்மீனிடமிருந்து பொருளை ஈர்த்தோ, மற்றொரு வெண்குறளியோடு இணைந்தோ, அணுக்கரு வெடிப்பில் முழுவதும் அழிகிறது. இது இரண்டாம் வகை. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனும், இங்குள்ள ஒவ்வொருவர் குருதியிலும் ஓடும் இரும்பும், பெரும்பகுதி இத்தகைய விண்மீன்களிலிருந்தே வந்தன. எனவே இவ்வாராய்ச்சி நமக்குத் தொடர்பற்ற ஒன்றன்று.

இனி, கண்டுபிடிக்கும் வகையைக் காண்போம்.

ஒரு மண்டலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு ஒன்றிரண்டு சூப்பர்நோவாக்கள் நிகழ்ந்தால் அதுவே மிகுதி. நம் பால்வழி மண்டலத்தில் வெறுங்கண்ணால் கண்டு குறிப்பெழுதப்பட்ட கடைசிச் சூப்பர்நோவா 1604ஆம் ஆண்டில் தோன்றியது. ஆகவே ஒரே மண்டலத்தை நோக்கிக்கொண்டு காத்திருப்பவர் தம் வாழ்நாள் முழுதும் காத்திருக்க நேரலாம். ஆனால் ஆயிரம் மண்டலங்களை மாறி மாறி நோக்குபவர்க்கு ஆண்டுக்குப் பத்தேனும் நிகழக்கூடும். அருமையான நிகழ்ச்சியைக் காண்பதற்கு வழி, பார்வையின் பரப்பை விரிப்பதே.

பால்வழிக்கு அப்பால் முதன்முதலாகக் காணப்பட்ட சூப்பர்நோவா 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆண்ட்ரோமீடா மண்டலத்தில் தோன்றியது. அக்காலத்தில் டோர்பாட் என வழங்கிய, இன்று எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு எனப்படும் நகரின் வானாய்வுக் கூடத்தில், எர்ன்ஸ்ட் ஹார்ட்விக் என்பார் ஆகஸ்டு 20 அன்று அதனைக் கண்டார். ஐரோப்பாவின் வேறு சிலரும் அதே மாதத்தில் கண்டனர். ஆனால் கண்டது யாது என்பது எவர்க்கும் விளங்கவில்லை. ஆண்ட்ரோமீடா தனியொரு மண்டலம் என்பதே அன்று மெய்ப்பிக்கப்படவில்லை.

1920ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில் ஹார்லோ ஷேப்லி என்னும் அறிஞர் இதனையே ஒரு சான்றாக எடுத்துரைத்தார். ஆண்ட்ரோமீடா அத்துணைத் தொலைவில் இருக்குமானால், 1885இல் தோன்றிய ஒற்றை விண்மீன் நம்பவே முடியாத அளவுக்குப் பேரொளி உடையதாக இருந்திருக்க வேண்டும், அது நடவாதது, எனவே ஆண்ட்ரோமீடா அண்மையிலேயே உள்ளது என்பது அவர் வாதம். எட்வின் ஹப்பிள், மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமீடாவில் ஒளி மாறும் விண்மீன்களைக் கண்டு, அதன் தொலைவை அளந்து, 1925ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகுக்கு அறிவித்தார். ஆண்ட்ரோமீடா பால்வழிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்பது உறுதியாயிற்று. இன்றைய கணக்கின்படி அதன் தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுகள். அவ்வாறாயின் நம்ப முடியாத ஒளி என்று ஷேப்லி தள்ளியதே உண்மையாக இருந்தது! நம்மால் நம்ப முடியவில்லை என்பது ஒன்றைப் பொய்யாக்குவதற்குப் போதிய காரணம் ஆகாது. நம்புகிறோம் என்பதும் அதனை மெய்யாக்காது. இரண்டுக்கும் சான்று வேண்டும்.

இப்பேரொளி வெடிப்புகளைத் தனி இனமாகப் பிரித்து, 1934ஆம் ஆண்டுக் கட்டுரையில் சூப்பர்நோவா என்னும் பெயரோடு விளக்கியவர்கள் வால்டர் பாடே, ஃபிரிட்ஸ் சுவிக்கி என்னும் இருவர். சுவிக்கி அத்தோடு நின்றாரில்லை. கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 18 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியை அமைத்து, 1936 முதல் வானத்தைப் பகுதி பகுதியாகப் புகைப்படம் எடுத்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் அடுத்தடுத்து வைத்து, முன்பு இல்லாத புள்ளி இப்பொழுது உள்ளதா என்று தேடுவதே முறை. தம் வாழ்நாளில் அவர் ஏறத்தாழ 120 சூப்பர்நோவாக்களைக் கண்டறிந்தார்.

இங்கு இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவன்ஸ் என்னும் கிறித்தவப் போதகர் இருந்தார். வானியல் அவர் தொழிலன்று. வானாய்வுக் கூடம் எதிலும் பணிபுரிந்தவருமல்லர். வீட்டுப் பின்புறத்தில் சிறு தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, மண்டலம் மண்டலமாக நோக்கி, ஒவ்வொன்றையும் சூழ்ந்துள்ள விண்மீன்களின் அமைப்பை நெஞ்சில் பதித்துக்கொண்டார். தெருவில் உள்ள விளக்குகளையெல்லாம் அறிந்த இரவுக் காவலர், புதிதாக ஒரு விளக்கு எரிந்தால் உடனே கண்டுகொள்வார் அல்லவா? அதுபோல நூற்றுக்கணக்கான மண்டலங்களில் எங்கேனும் ஒரு புள்ளி கூடுதலாக இருப்பின் அவர் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். 1981 முதல், கண்ணால் நோக்கியே நாற்பதுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டறிந்தார். 2022இல் மறைந்த அவருடைய கண்டுபிடிப்புகள் எவையும் போதகர் கண்டவை என்று ஒதுக்கப்படவில்லை. போதகர் சொன்னார் என்று ஆராயாமல் ஏற்கப்படவுமில்லை. பேராசிரியர் கண்டதை எந்தத் தராசில் நிறுத்தார்களோ, அதே தராசில் இவர் கண்டதையும் நிறுத்தனர்.

அத்தராசு எத்தகையது? இதுவே உரையின் நடுப்பொருள். உங்கள் முழுக் கவனத்தையும் வேண்டுகிறேன்.

படத்தில் ஒரு புதுப் புள்ளி தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சூப்பர்நோவாதான் என்று உடனே கூவிவிடலாகாது. அவ்விடத்தில் ஏமாற்றக்கூடியவை பல. கருவியின் மின்னணுத் தகட்டில் விண்வெளித் துகள் ஒன்று மோதினாலும் புள்ளி தோன்றும். அருகிலுள்ள பேரொளி விண்மீனின் ஒளி ஆடிகளுக்கிடையே பட்டுத் தெறித்தாலும் பொய்யுருவம் தோன்றும். ஆகவே முதற்சோதனை, மீண்டும் ஒரு படம் எடுப்பது. தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி எடுத்த பின்னும் புள்ளி அதே விண்மீன்களுக்கு இடையே நிற்குமானால், அது கருவியின் குறையன்று.

இரண்டாவது, அது குறுங்கோளாக இருக்கலாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் குறுங்கோள்கள் லட்சக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒன்று தொலைமண்டலத்தின் முன்னே கடந்து செல்லும்போது, மண்டலத்துக்குள்ளேயே இருப்பதுபோல் தோன்றும். ஆகவே ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் நோக்க வேண்டும். குறுங்கோள் நகர்ந்திருக்கும், சூப்பர்நோவா நகராது. அறியப்பட்ட குறுங்கோள்களின் அட்டவணையோடும் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, அங்கே முன்பிருந்தே ஒளி மாறும் விண்மீன் ஒன்று இருக்கக்கூடும். ஆகவே பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பார்க்க வேண்டும். நான்காவது, வேறோர் இடத்தில், வேறொருவர், வேறொரு கருவியால் அதே புள்ளியைக் காண வேண்டும். நம் கண்ணில் குறை இருந்தால் பிறர் கண் அதைக் காட்டிவிடும்.

இந்நான்கையும் கடந்த பின்னரும் வழக்கு முடியவில்லை. ஐந்தாவது சோதனையே தீர்ப்பு வழங்குவது. அது நிறமாலைச் சோதனை. அடுப்பில் உப்பு சிந்தினால் தீ மஞ்சளாக எரிவதை நம் தாய்மார்கள் அறிவர். உப்பிலுள்ள சோடியம் தன் நிறத்தைக் காட்டுகிறது. அதுபோல ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய ஒளிக்கோடுகளை உடையது. புள்ளியின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரித்தால், அங்கு எரிவது யாது, எவ்வளவு வேகத்தில் சிதறுகிறது என்பன தெரியவரும். சூப்பர்நோவாவில் பொருள்கள் நொடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்வதால், அதன் கோடுகள் பட்டையாக அகன்று காணப்படும். நம் மண்டலத்திலுள்ள சாதாரண விண்மீனால் அத்தோற்றத்தைக் காட்ட இயலாது.

ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி என்பார் 1941ஆம் ஆண்டு, அதுவரை தாம் ஆராய்ந்த 14 சூப்பர்நோவாக்களின் நிறமாலைகளை ஒப்பிட்டு, ஒன்பதை ஓர் இனமாகவும் ஐந்தை மற்றோர் இனமாகவும் பிரித்தார். ஹைட்ரஜன் கோடுகள் இல்லாதவை முதலினம். உள்ளவை இரண்டாம் இனம். பின்னர் உட்பிரிவுகள் பல சேர்ந்தனவெனினும், அவர் வகுத்த அடிப்படை இன்றும் நிற்கிறது.

2016ஆம் ஆண்டு முதல் இவ்வேறுபாடு பெயரிலேயே வெளிப்படுகிறது. அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் பதிவேட்டில், ஐயத்துக்குரிய புதுப் புள்ளிக்கு 'ஏ.டி.' என்னும் முன்னெழுத்து வழங்கப்படுகிறது; சில நாட்கள் தோன்றும் பொருள் என்பது அதன் கருத்து. நிறமாலை உறுதி செய்த பின்னரே 'எஸ்.என்.' என்னும் முன்னெழுத்து, அதாவது சூப்பர்நோவா என்னும் பட்டம், கிடைக்கிறது. தேர்வு எழுதியவர் வேறு, தேறியவர் வேறு அல்லவா?

கனடா நாட்டில் 2011ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி, குடும்ப நண்பர் எடுத்த படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மண்டலத்தில் சூப்பர்நோவா ஒன்றைக் கண்டாள். குறுங்கோள் அன்று என்று சோதித்தனர். பிற இடங்களில் இருந்தோர் தம் கருவிகளால் நோக்கி உறுதி செய்தனர். அதன் பின்னரே அறிவிப்பு வெளியாயிற்று. சிறுமி என்று சலுகையும் இல்லை, சிறுமிதானே என்ற இளக்காரமும் இல்லை.

அர்ஜென்டினாவின் ரோசாரியோ நகரில் விக்டர் பூசோ என்னும் பூட்டுத் தொழிலாளர் இருக்கிறார். 2016 செப்டம்பர் 20 அன்று, தம் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் புதிய ஒளிப்படக் கருவியைப் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே நின்ற என்.ஜி.சி. 613 என்னும் மண்டலத்தை நோக்கி, குறுகிய கால அளவுள்ள படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். முதலில் எடுத்த படங்களில் ஒன்றுமில்லை. சிறிது நேரத்துக்குப் பின் எடுத்தவற்றில் மங்கலான புள்ளி ஒன்று தோன்றி, படத்துக்குப் படம் ஒளி கூடிற்று. விண்மீனின் உள்ளே எழுந்த அதிர்ச்சி அதன் மேற்பரப்பைக் கிழித்து வெளிவரும் அந்தக் கணத்தை, பேராய்வுக் கூடங்கள் பல்லாண்டுகள் தேடிய கணத்தை, அவர் பதிவு செய்துவிட்டார். அவர் உடனே பிறர்க்கு அறிவித்தார். அமெரிக்காவின் லிக், கெக் ஆய்வுக் கூடங்களின் பெருந்தொலைநோக்கிகள் நிறமாலை எடுத்தன. ஆராய்ச்சிக் கட்டுரை 2018இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தபோது, பூட்டுத் தொழிலாளரான பூசோவின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றது. இதனை நல்வாய்ப்பு என்று மட்டும் சொல்லிவிடலாகாது. அவர் ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் அது ஐயத்துக்குரிய புள்ளியாகவே நின்றிருக்கும். புள்ளி இல்லாத படங்களையும், புள்ளி தோன்றி வளர்ந்த படங்களையும் நேரக் குறிப்போடு வைத்திருந்ததே அவர் பக்கத்துச் சான்று.

இனி மிக நெடுந்தொலைவுக்குச் செல்வோம். அதற்குமுன் நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டு தம் 19ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வெண்குறளி எவ்வளவு பொருண்மையைத் தாங்கும் என்பதை அப்பயணத்திலேயே கணக்கிடத் தொடங்கினார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே எல்லை; அதற்கு மேல் வெண்குறளி நிலைக்காது என்பது அவர் கண்ட முடிவு. 1935 ஜனவரியில், லண்டனில் கூடிய அறிஞர் அவையில், அக்காலத்தின் தலைசிறந்த வானியலாளராகிய ஆர்தர் எடிங்டன், இளைஞரின் முடிவை ஏளனம் செய்து மறுத்தார். எடிங்டனின் புகழுக்கு முன் அவையில் பலர் வாய் திறக்கவில்லை. ஆயினும் கணக்கு கணக்காகவே நின்றது. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புகழுடையார் மறுப்பு ஒரு கண்டுபிடிப்பைத் தாமதப்படுத்தலாம், பொய்யாக்க முடியாது.

அவ்வெல்லையே தொலைதூர ஆராய்ச்சிக்கு அளவுகோலாயிற்று. வெண்குறளி வெடிப்புகள் ஏறத்தாழ ஒரே தன்மையான ஒளியைத் தருகின்றன. சிறு வேறுபாடுகளைத் திருத்திக்கொள்ளும் முறையை மார்க் ஃபிலிப்ஸ் 1993இல் காட்டினார். மெல்ல மங்குபவை கூடுதல் ஒளியுடையவை, விரைந்து மங்குபவை குறைந்த ஒளியுடையவை. நெடுஞ்சாலையில் ஒரே திறனுள்ள விளக்குகள் வரிசையாக எரியும்போது, மங்கலாகத் தெரிவது தொலைவில் உள்ளது என்று நாம் அறிவதில்லையா? தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். இக்கணக்கால் பேரண்டத்தின் விரிவையே அளக்கலாம்.

ஆனால் அத்தகைய வெடிப்பைக் கண்டுபிடிப்பது எளிதாக இருக்கவில்லை. டென்மார்க் நாட்டு அறிஞர் குழு ஒன்று சிலி நாட்டின் லா சில்லா மலையில் இரண்டாண்டுகள் தேடிற்று. கிடைத்த தொலைதூர வெண்குறளி வெடிப்பு ஒன்றே ஒன்று. 1988இல் கண்ட அதன் ஒளி, ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. கண்டபோது அது உச்ச ஒளியைக் கடந்து மங்கத் தொடங்கியிருந்தது.

இங்கே ஒரு பெருஞ்சிக்கல். நிறமாலை எடுக்க வல்ல பெருந்தொலைநோக்கியில் இரவு வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எந்த விண்மீனை நோக்கப்போகிறீர் என்று தேர்வுக்குழு கேட்கும். இன்னும் வெடிக்காத விண்மீனின் முகவரியை எவ்வாறு எழுதுவது? உறுதி செய்ய இரவு இல்லையெனில், கண்டுபிடித்தும் பயனில்லை.

சால் பெர்ல்மட்டர் தலைமையில் பெர்க்லியில் இயங்கிய குழு இதற்கு வழி கண்டது. அமாவாசைக்குச் சற்றுப் பின், இருண்ட வானில், ஆயிரக்கணக்கான மண்டலங்கள் அடங்கிய வானப்பகுதிகளைப் படம் எடுப்பது. ஏறத்தாழ மூன்று கிழமைகள் கழித்து, அடுத்த அமாவாசைக்குச் சற்று முன் அதே பகுதிகளை மீண்டும் எடுப்பது. புதிய படத்திலிருந்து பழைய படத்தைக் கணிப்பொறியால் கழிப்பது. கழித்த பின் எஞ்சுவது புதிதாகத் தோன்றியது. வெடிப்பு உச்சத்தை அடைய ஏறத்தாழ மூன்று கிழமைகள் ஆகுமாதலின், இம்முறையில் அகப்படுபவை பெரும்பாலும் ஒளி கூடிக்கொண்டிருக்கும் இளமையில் அகப்படும். ஒவ்வொரு தடவையும் பல கிடைக்கும் என்பது உறுதியாதலின், அடுத்துவரும் இரவுகளைப் பெருந்தொலைநோக்கியில் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். எந்த மரத்தில் முதலில் காய்க்கும் என்று தோப்புக்காரர் சொல்ல இயலாது. ஆயினும் பருவம் அறிந்து சந்தைக்கு வண்டி பேசிவைப்பார். அதைப் போன்றதே இதுவும்.

பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் முதலியோரைக் கொண்ட மற்றொரு குழு தனியே போட்டியிட்டுத் தேடிற்று. பேரண்டத்தின் விரிவு ஈர்ப்பினால் படிப்படியாக வேகம் குறைந்து வரும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர். எவ்வளவு குறைகிறது என்பதை அளப்பதே நோக்கம். கிடைத்த விடையோ நேர்மாறானது. தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அதாவது, மேலும் தொலைவில் இருந்தன. விரிவு வேகம் கூடிவருகிறது என்பது அதன் பொருள். இடையில் உள்ள தூசு ஒளியை மறைக்கிறதோ, கணக்கில் பிழையோ என்று இரு குழுவினரும் தம் முடிவையே தாம் ஐயுற்று ஆராய்ந்தனர். 1998இல் இரு குழுக்களும் ஒரே முடிவை வெளியிட்டன. ஒரு குழுவின் கணக்கில் 16 தொலைதூரச் சூப்பர்நோவாக்கள். மற்றதன் கணக்கில் 42. ஒரு குழு மட்டும் சொல்லியிருந்தால் உலகம் நம்பியிராது. ஒருவர் பிழையை மற்றவர் பிடிக்கக் காத்திருந்த போட்டியாளர் இருவரும் ஒரே விடையைச் சொன்னமையால்தான் அது நின்றது. பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவர்க்கும் 2011இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வேகத்தைக் கூட்டும் அந்த ஆற்றலுக்குக் கரும் ஆற்றல் என்று பெயர் வைத்துள்ளனர். அதன் தன்மை இன்னும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வதும் அறிவியலின் நாணயமே.

பெயர் வைத்துவிட்டால் முடிந்தது என்பதும் இல்லை. 2009 ஆகஸ்டில் காணப்பட்ட ஒன்றுக்குச் சூப்பர்நோவா 2009ஐபி என்று பெயரிட்டனர். நிறமாலையை ஆராய்ந்தபோது, விண்மீன் அழியவில்லை, பேரளவில் பொங்கியதே என்பது தெரிந்தது. 2012இல் அதே விண்மீன் மீண்டும், இம்முறை சூப்பர்நோவாவின் அளவுக்கு ஒளிர்ந்தது. பல்லாண்டுகள் கண்காணித்து, பழைய விண்மீன் இருந்த அளவுக்கும் கீழாக அது மங்கியதைக் கண்ட பின்னரே, அவ்விண்மீன் உண்மையில் அழிந்திருக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. திருத்தத்துக்கு அஞ்சாமையே அவ்வறிவின் வலிமை.

2023 மே 19 அன்று ஜப்பானின் தன்னார்வ வானியலாளர் கோயிச்சி இதகாக்கி, எம் 101 என்னும் மண்டலத்தில் புதுப் புள்ளி ஒன்றைக் கண்டார். அதன் தொலைவு ஏறத்தாழ 2.1 கோடி ஒளியாண்டுகள். சில மணி நேரத்துக்குள் பிறிதொரு தொலைநோக்கி நிறமாலை எடுத்து உறுதி செய்தது. அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தவற்றுள் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. எடிங்டன் ஏளனம் செய்த அந்த இளைஞரின் நினைவாக அதற்கு இமாலய சந்திரா தொலைநோக்கி என்று பெயர். நம் தமிழ்நாட்டிலேயே, ஜவ்வாது மலையின் காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்கி வருகிறது.

இனிவரும் காலம் எத்தகையது? சிலி நாட்டில் அமைந்த வேரா ரூபின் ஆய்வுக் கூடம் 2025 ஜூனில் தன் முதற்படங்களை வெளியிட்டது. ஓரிரவில் ஏறத்தாழ ஒரு கோடி மாற்றங்களை அறிவிக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. கண்டுபிடிப்பதற்கு இனிக் குறைவில்லை. ஆனால் கண்ட புள்ளிகளுள் சிறு பகுதிக்கே நிறமாலை எடுக்க இயலுகிறது. புள்ளிகள் பெருகும், அவற்றை ஆராய்ந்து இது மெய், இது பொய் என்று பிரித்தறியும் மனிதரே குறைவு. கணிதமும் இயற்பியலும் கணிப்பொறியும் ஊன்றிப் பயின்ற இளைஞர்க்கு அங்கே இடம் காத்திருக்கிறது. அந்த இடத்துக்கு வாயில், பொறுமையாகப் படித்துத் தேறும் பட்டம்தான். வேறு குறுக்கு வழியை நான் அறியேன். இச்சங்கத்தின் நூலகத்திலும் மாலை வகுப்பிலும் செலவிடும் ஒவ்வொரு மணியும் அவ்வாயிலை நோக்கி எடுத்துவைக்கும் அடி.

மாணவ மணிகளே! வானியலார் கேட்கும் வினாக்களை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முன்பு அங்கே என்ன இருந்தது? மீண்டும் பார்த்தபோதும் இருக்கிறதா? வேறொருவர் கண்டாரா? அதன் உள்ளியல்பு என்ன? இவ்வினாக்களுள் கண்டவர் யார் என்ற வினா இல்லை. பெயர் பதிவேட்டில் எழுதுவதற்கு மட்டுமே பயன்படுகிறது, தீர்ப்புக்கு அன்று. போதகர், பூட்டுத் தொழிலாளர், சிறுமி, பேராசிரியர் என எவராயினும் ஒரே தராசு. அத்தராசை மதித்து ஏற்போர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. பிறர் சொல்வதைச் சான்றின்றி ஏற்காமை ஒன்று. தாம் சொல்வதற்குச் சான்று காட்டும் பொறுப்பை ஏற்றல் மற்றொன்று. முதற்கடமை எளிது, இரண்டாவதற்கே பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை இன்றே தொடங்குக.